மாதிரி விமானச் சக்கரப் பிணைப்பு

மாதிரி விமானத்தின் சக்கரம் அச்சிலிருந்து கழன்று விழாமலும், அதே வேளையில் தடையின்றிச் சுழலும்படியும் அதை நிறுத்திவைக்கும் முறைகள் சக்கரப் பிணைப்பு எனப்படும். சிறிய, நடுத்தர மாதிரிகள் பலவற்றில் லேண்டிங் கியர், அதாவது சக்கரத்தைத் தாங்கும் கால், வளைத்த பியானோ கம்பியே. உயர்கரி எஃகால் ஆன இக்கம்பியின் கீழ்முனை பக்கவாட்டில் திரும்பி, அதுவே அச்சாகிறது. சக்கரம் உள்பக்கம் நகர்ந்து காலில் உரசாதிருக்க உள்தடையும், வெளியே ஓடிவிடாதிருக்க வெளித்தடையும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே அரை முதல் ஒரு மில்லிமீட்டர் வரை ஆட்டம் விடுவது வழக்கம்.

வரலாறு

தொடக்ககால மாதிரிகள் பலவற்றில் சக்கரத்துக்கே இடமில்லை. 1871 ஆகஸ்டில் பாரிஸின் துயிலரி தோட்டத்தில் அல்போன்ஸ் பெனோ பறக்கவிட்ட ரப்பர் இழை விமானம் 11 விநாடிகளில் சுமார் 40 மீட்டர் சென்றது. அது கையிலிருந்து விடப்பட்டது. 1896-இல் அமெரிக்காவின் பொட்டோமாக் ஆற்றில் சாமுவேல் லாங்லியின் நீராவி மாதிரி, படகுவீட்டின் மேலிருந்த விசைப்பொறியால் உந்தப்பட்டு எழுந்தது. அதிலும் சக்கரம் கிடையாது.

தரையில் ஓடி எழும்பிய மாதிரிகளில் முதன்மையானது பிரான்சின் விக்டர் டாட்டின் 1879-இல் செய்தது. 1.9 மீட்டர் சிறககலமும் 1.8 கிலோ எடையும் கொண்ட அது, அழுத்தக் காற்றில் இயங்கியது. ஷாலே மூதோனில் நடுக்கம்பம் ஒன்றில் கட்டப்பட்டு, வட்டப் பாதையில் தன் சக்கரங்களில் ஓடி மேலெழுந்தது.

1928-இல் வேக்ஃபீல்டு கோப்பை என்னும் மாதிரி விமானப் போட்டி புத்துயிர் பெற்றபின், ரப்பர் விசை மாதிரிகள் தரையிலிருந்து தாமாகவே எழ வேண்டும் என்னும் போட்டி மரபு வலுத்தது. அதனால் சக்கரம் இன்றியமையாததாயிற்று. பால்சா அல்லது செல்லுலாய்டு சக்கரத்தைக் கோத்து, கம்பியின் நுனியை மேல்நோக்கி மடக்கிவிடுவது அக்காலத்து எளிய வழி. மாதிரியின் எடை சில நூறு கிராமைத் தாண்டாதவரை அது போதுமானதாக இருந்தது. 1930-களில் பிலடெல்பியாவில் உருவான பிரவுன் ஜூனியர் போன்ற சுமார் 10 சிசி பெட்ரோல் எஞ்சின்கள் வந்தபின் எடையும் அதிர்வும் கூடின. மடக்கிய நுனிக்குப் பதிலாகப் பற்றவைத்த வாஷர் இடம்பிடித்தது.

வகைகள்

மடக்கல்: கம்பி நுனியை 90 பாகைக்கு மடக்குவது. வேறு பொருள் எதுவும் தேவையில்லை. ஆனால் சக்கரத்தை மாற்ற வேண்டுமானால் நுனியை நிமிர்த்தியாக வேண்டும். இரண்டொரு முறை மடக்கி நிமிர்த்தினால் கடின எஃகு ஒடிந்துவிடும்.

இழைக்கட்டு: நூலை நெருக்கமாகச் சுற்றிப் பசையிடுவது. உடனடியாக ஒட்டும் நீர்த்த பசை சக்கரத்தின் நடுவிலுள்ள குடத்துக்குள் கசிந்து சக்கரத்தையே இறுக்கிவிடும். ஆகவே கெட்டியான எபாக்சியே ஏற்றது. மிகச் சிறிய மாதிரிகளில், மின்வயரிலிருந்து உரித்த பிளாஸ்டிக் உறையின் சிறு துண்டையோ சிலிக்கான் எரிபொருள் குழாயின் துண்டையோ அச்சில் செருகினால் போதும்.

பற்றவைப்பு: மிகவும் நம்பகமான முறை இதுவே. அச்சை உப்புத்தாளால் பளபளக்கத் தேய்த்து, பிளக்ஸ் தடவி, முதலில் உள் வாஷரைப் பற்றவைக்க வேண்டும். பிறகு சக்கரம், அதன்மேல் எண்ணெயில் நனைத்த காகித வில்லை, அதன்மேல் வெளி வாஷர். ஈயம் சக்கரக் குடத்துள் இறங்காமல் காப்பது அந்தக் காகிதந்தான். சூட்டுக்கோலால் கம்பியையும் வாஷரையும் சேர்த்துச் சூடாக்க வேண்டும். ஈயத்தைக் கோலில் வைக்காமல் இணைப்பில் தொட்டால், அது தானே ஓடிப் பரவும். மெல்லிய செம்புக் கம்பியை வாஷருக்கு வெளியே சில சுற்றுகள் சுற்றிப் பற்றவைத்தால் பலம் கூடும். ஆறியபின் காகிதத்தைக் கிழித்தெடுத்தால் தேவையான ஆட்டம் தானாகவே கிடைக்கும். வெள்ளீய-காரீயக் கலவை 190 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகுவதால் கம்பியின் விறைப்பு கெடாது. கம்பி செந்நிறமாகும் அளவுக்குச் சுட்டால் அந்த விறைப்பு போய்விடும். அமில பிளக்ஸைச் சமையல் சோடா நீரால் கழுவாவிட்டால் துருப்பிடிக்கும். நுரைச் சக்கரமானால் பற்றவைக்கும்போது சூடு தாக்காதிருக்க ஈரத்துணி சுற்றிக்கொள்ள வேண்டும்.

காலர்: பித்தளை அல்லது எஃகு வளையத்தை அச்சில் கோத்து, சிறு மறைதிருகால் இறுக்குவது. நொடியில் கழற்றி மாட்டலாம் என்பதால் பலரும் இந்தச் சுலப வழியை நாடுகின்றனர். ஆனால் உருண்டைக் கம்பிமீது திருகு ஒரு புள்ளியில்தான் பிடிக்கிறது. எஞ்சின் அதிர்வில் அது நெகிழும். திருகு அமரும் இடத்தில் அரத்தால் தட்டையாகத் தேய்ப்பதும், நீல நிறத் திருகுப்பசை ஒரு சொட்டு விடுவதும் இதற்குப் பரிகாரம். தட்டையாகத் தேய்க்காமல் இறுக்கினால் கம்பியில் பிசிர் எழும்பி, பின்னர் காலரும் சக்கரமும் கழலாமல் சிக்கிக்கொள்ளும்.

அச்சுப் போல்ட்: அலுமினியத் தகடு அல்லது கார்பன் இழைக் கால்களுக்கு உரியது. போல்ட்டைக் காலின் துளையில் இருபுறமும் நட்டால் நிலைநிறுத்தி, சக்கரத்தை மாட்டி, நைலான் வளையமுள்ள நட்டால் முடிப்பர். சாதாரண நட்டு போட்டால் இடப்பக்கச் சக்கரத்தின் நட்டுதான் முதலில் கழலும். வெளியிலிருந்து பார்த்தால் அச்சக்கரம் கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழல்கிறது. உராய்வினால் நட்டையும் அவிழும் திசையிலேயே இழுக்கிறது. இடையில் ஒரு வாஷர் இருந்தால் இந்த இழுப்பு குறையும்.

விளைவுகள்

ஓடும்போது சக்கரம் கழன்றால், அச்சு முனை மண்ணில் குத்தி விமானம் மூக்கில் கவிழும், புரொப்பெல்லர் உடையும். பறக்கும்போது கழன்ற சக்கரம் கீழே நிற்பவர்மேல் விழக்கூடும். ஒவ்வொரு பறப்புக்கும் முன் சக்கரத்தை வெளிப்பக்கம் இழுத்துப் பார்த்து, பிறகு விரலால் சுழற்றிப் பார்ப்பது நன்று.

தற்கால நிலை

இன்றைய மின்மோட்டார் நுரை விமானங்களில் காலரோ பிளாஸ்டிக் மூடியோ பெட்டியிலேயே வருகிறது. முப்பரிமாண அச்சிடல் முறையில் சக்கரக் குடங்களும் செய்யப்படுகின்றன.