இரும்பைத் தின்னும் தண்ணீர்

குவைத்தில் ஒரு காலத்தில் குடிநீர் பாய்மரக் கப்பலில்தான் வந்தது. ஷத்துல் அரபு ஆற்றில் நிரப்பிக் கொண்டுவந்து, தெருத்தெருவாக விற்றார்கள். 1953-இல் அங்கே கடல்நீரைக் காய்ச்சி வடிக்கும் ஆலை இயங்கத் தொடங்கியது. தண்ணீர்க் கவலை குறைந்தது. சோதனை குழாய்க்கு வந்தது.

உப்பு நீங்கிய நீர், வெறும் இரும்பை அரித்துச் செந்நிறமாகிவிடும். அதனால் அந்த நீரில் சுண்ணாம்புச் சத்தைச் சேர்க்கிறார்கள். இரும்புக் குழாயின் உள்ளே சிமெண்ட் பூசுகிறார்கள். வளைகுடாவின் உப்பு மண் வெளிப்புறத்தையும் விடாது. அதற்குப் பாலித்தீன் உறை. வால்வுகளுக்கு எபாக்ஸி பூச்சு.

வெயிலில் பள்ளம் தோண்டிக் குழாய் பதித்தவர்களில் நம் ஊர்க்காரர்களும் உண்டு. உங்கள் தம்ளரில் தண்ணீர் தெளிவாக இருக்கிறதா? தெருவுக்கு அடியில் சில மில்லிமீட்டர் சிமெண்ட் காவல் நிற்கிறது.