கீற்றுக் கூரையும் நகராட்சி அனுமதியும்: சிறுநகரத் தீத்தடுப்பு வரலாற்றில் கும்பகோணம்

முன்னுரை

தீயை அணைப்பது ஒரு பணி. எளிதில் தீப்பற்றும் பொருள் ஊருக்குள் எங்கே, எவ்வாறு இருக்கலாம் என வரையறுப்பது மற்றொரு பணி. தமிழகச் சிறுநகரங்களில் முன்னது மாநிலத் துறையிடமும், பின்னதன் பெரும்பகுதி நகராட்சியிடமும் அமைந்தன. இப்பிரிவினையின் வளர்ச்சியையும் விளைவையும் கும்பகோணத்தை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது.

நகராட்சியும் கூரையும்

சென்னை மாகாணத்தின் 1865ஆம் ஆண்டு நகர மேம்பாட்டுச் சட்டத்தின்கீழ் 1866இல் கும்பகோணம் நகராட்சியாயிற்று. பின்னர் வந்த 1920ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம், புல், ஓலை, பாய் போன்றவற்றால் புறக்கூரை அமைப்பதற்கு எழுத்து வழி அனுமதி பெறவேண்டும் என விதித்தது. தீப்பற்றும் சரக்குகளைச் சேமித்து வைப்பதும் உரிமத்திற்கு உட்பட்டது.

சட்டம் கீற்றுக் கூரையை முற்றாக விலக்கவில்லை என்பது கருதத்தக்கது. காவிரிப் படுகையில் தென்னங்கீற்றும் மூங்கிலும் மலிவானவை. கோடை வெப்பத்தைத் தணிப்பவை. ஓட்டுக் கூரை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. எனவே தடைக்கும் தேவைக்கும் இடைப்பட்ட சமரசமாகவே 'அனுமதி' என்னும் ஏற்பாட்டைக் கொள்ளலாம். அச்சமரசம் பயன் தருவது, அனுமதி கோரப்படும் இடத்தை ஒருவர் நேரில் சென்று பார்ப்பதைப் பொறுத்தது.

தீயணைப்புத் துறையின் வளர்ச்சி

சென்னையில் 1908இல் தொடங்கிய தீயணைப்புப் பணி, காலப்போக்கில் மாநிலம் தழுவிய துறையாக விரிந்தது. அதற்கெனத் தனிச்சட்டம் 1985இல் இயற்றப்பட்டது. தன் வருவாயைக் கொண்டு ஊர்தியும் பயிற்சி பெற்ற வீரரும் வைத்துக்கொள்ள இயலாத சிறுநகரங்களுக்கு இது நன்மையே. எனினும் தீ என்பது மாநிலத் துறையின் பொறுப்பு என்ற எண்ணமும் இதனோடு வேரூன்றியது எனலாம்.

பள்ளிகளைப் பொறுத்தவரை இப்பிரிவினை மேலும் நுண்மையானது. கட்டடம் எழுப்ப உள்ளாட்சி அமைப்பின் ஒப்புதல் தேவை. 1965ஆம் ஆண்டின் பொதுக் கட்டட உரிமச் சட்டத்தின்படி உரிமம் வழங்குவது வருவாய்த்துறை. ஏற்பிசைவு அளிப்பது கல்வித்துறை. ஒரே கூரையை மூன்று அலுவலகங்கள் தாளில் கண்டன.

2004 ஜூலை 16

அன்று கும்பகோணத்தின் காசிராமன் தெருவிலிருந்த பள்ளியொன்றில் சமையற்கூடத்தில் பற்றிய தீ, வகுப்பறையின் கீற்றுக் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் உயிரிழந்தனர். பற்றியெரியும் கூரை வகுப்பறைக்குள் சரிவதற்கு ஆகும் நேரம் மிகச் சிறிது. எத்துணை விரைந்து வரும் ஊர்தியும் அந்நேரத்தை வெல்வது அரிது. ஆகவே இவ்விபத்தில் முதன்மையாக வினவப்பட வேண்டியது தீயணைப்பின் விரைவன்று. அக்கூரை அங்கே நிலைத்திருந்தது எவ்வாறு என்பதே.

நீதிபதி சம்பத் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. பள்ளிகளிலிருந்து கீற்றுக் கூரைகளை அகற்ற அரசு ஆணையிட்டது. 2014இல் தஞ்சாவூர் நீதிமன்றம் பத்துப் பேரைக் குற்றவாளிகள் எனத் தீர்ப்பளித்தது, பதினொருவரை விடுவித்தது.

முடிவுரை

2004இல் இல்லாதிருந்தது சட்டமன்று. ஓலைக் கூரையின் இடரை உணர்ந்த விதி அதற்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே நகராட்சியின் கையில் இருந்தது. அதிகாரம் பல அலுவலகங்களுக்குப் பகிரப்பட்டபோது, கூரையை நேரில் காணும் கடமை எவருக்கும் முழுமையாக உரியதாகவில்லை. ஆதலின் சிறுநகரத் தீத்தடுப்பு வரலாற்றைத் தீயணைப்பு நிலையப் பதிவுகளைக் கொண்டு மட்டும் எழுதுதல் போதாது. நகராட்சியின் கட்டட அனுமதிக் கோப்புகளும் அதற்கு இன்றியமையாத சான்றுகளாகும்.