கல்யாணப் பெட்டியில் தொலைந்த பெயர்

சிகாகோ கலைக்கூடத்தில் நீளம் மிகுந்து உயரம் குறைந்த ஒரு மரப்பலகை இருக்கிறது. ஒற்றைக்கண் அரக்கன் பாலிஃபீமஸ், மாயக்காரி சர்சி, தறியருகே பெனலோபி என்று யுலிஸீஸின் கதை முழுக்க அதில் அடுத்தடுத்து நடக்கிறது. சுவரில் மாட்டுவதற்காக வரைந்தது அல்ல அது. 15-ஆம் நூற்றாண்டு ஃப்ளாரன்ஸில் மணப்பெண்ணின் சீர்ப் பொருட்களை வைத்த கல்யாணப் பெட்டியின் முகப்பு. 'கஸ்ஸோனே' எனப்படும் இந்தப் பெட்டிகளைப் பெரும்பாலும் ஜோடியாகச் செய்தார்கள்.

பிற்காலத்து வியாபாரிகள் பெட்டிகளைப் பிரித்து, முகப்பை மட்டும் ஓவியமாக விற்றார்கள். பக்கப் பலகைகளும் அவற்றில் தீட்டியிருந்த குடும்பச் சின்னங்களும் பல பெட்டிகளில் அப்போதே போயின. எந்த வீட்டுக் கல்யாணம் என்று சொல்லக்கூடிய சாட்சி அந்தச் சின்னங்கள்தான். எஞ்சிய பலகைகள் சிலவற்றில், பூட்டுக்கு அருகே சாவிக்கொத்து உரசிய கீறல்கள் மட்டும் இருக்கின்றன.

என் தேடலின் மையம் ஓர் ஓவியரின் பெயர். யேல் பல்கலைக்கழகம் 1871-இல் வாங்கிய ஜார்வ்ஸ் சேகரிப்பில் ஈனியஸின் கதை சொல்லும் இரண்டு பலகைகள் உண்டு. அவற்றை வரைந்த கையையே ஃப்ளாரன்ஸின் ரிக்கார்தியானா நூலகத்தில், 492 என்ற எண் கொண்ட, அந்தக் கதையைப் பாடிய ரோமக் கவி விர்ஜிலின் சுவடியின் சிற்றோவியங்களிலும் அறிஞர்கள் கண்டார்கள். அந்த ஓவியங்களில் கிரேக்கர்களின் தலையில் பைசாந்தியத்தின் உயரமான தொப்பி. 1439-இல் திருச்சபை மாநாட்டுக்கு வந்த கிரேக்கர்களை ஃப்ளாரன்ஸ் கண்ணாரப் பார்த்திருந்தது. ட்ராய் மன்னன் பிரியாமின் அரண்மனையோ மெடிச்சி மாளிகையின் சாயலில் நிற்கிறது. ஆக, ஊரும் காலமும் தெளிவு. ஆள்தான் தெரியவில்லை. 'விர்ஜில் ஓவியர்', 'டைடோ ஓவியர்' என்று தற்காலிகப் பெயர்களால் அவரைக் குறித்துவந்தார்கள்.

அடுத்த தடயம் ஒரு கணக்குப் புத்தகம். மார்கோ தெல் புவோனோ, அபோலோனியோ தி ஜொவான்னி என்ற இருவர் கூட்டாக நடத்திய பட்டறையின் பேரேடு அது. மூலம் தொலைந்துவிட்டது, 17-ஆம் நூற்றாண்டில் கார்லோ ஸ்ட்ரோஸ்ஸி எடுத்த நகல் தப்பியது. கலை வரலாற்றாளர் பால் ஷூப்ரிங் 1915-இல் இந்தப் பெட்டிகள் பற்றிய தன் பெருநூலில் அதை வெளியிட்டார். 1446 முதல் 1463 வரை ஏறக்குறைய 170 பெட்டி ஜோடிகள். மாப்பிள்ளை வீடு, பெண் வீடு, விலை. அவ்வளவே. நான் வசிக்கும் போவன்பள்ளியின் காய்கறி மண்டிச் சிட்டையும் இப்படித்தான்: யார் பெயரில் எவ்வளவு என்று இருக்கும், காய் எப்படி இருந்தது என்று இருக்காது. பெட்டியில் ட்ராய் எரிந்ததா, யுலிஸீஸ் கரை சேர்ந்தானா என்று பேரேட்டில் ஒரு சொல்கூட இல்லை. நூற்றுக்கணக்கான பெயர்கள் ஒரு பக்கம், பெயரற்ற பலகைகள் மறுபக்கம். இரண்டுக்கும் நடுவே பாலம் இல்லை.

அந்தப் பாலத்தை வோல்ஃப்காங் ஸ்டெகோ 1944-இல் கட்டினார். அமெரிக்காவின் ஓபர்லின் அருங்காட்சியகத்தில், பாரசீக மன்னன் ஸெர்க்ஸஸ் கிரேக்கத்தின்மேல் படையெடுக்கும் பெட்டி ஓவியம் ஒன்று இருந்தது. அதோடு தொடர்புடைய குடும்பச் சின்னத்தை அவர் பேரேட்டின் ஒரு பதிவோடு பொருத்திக் காட்டினார். பட்டறை அடையாளம் காணப்பட்டது. ஆனால் பட்டறையில் இருவர். யேல் பலகைகளின் கை எவருடையது?

1955-இல் எர்ன்ஸ்ட் கோம்ப்ரிக் கொண்டுவந்த சாட்சி, யாரும் எதிர்பாராத திசையிலிருந்து வந்தது: ஃப்ளாரன்ஸ் கவிஞர் உகோலினோ வெரினோவின் ஒரு லத்தீன் கவிதை. எரியும் ட்ராயையும் ஈனியஸின் கதையையும் தீட்டியவர் என்று அபோலோனியோவை அது பெயர் சொல்லிப் புகழ்கிறது. புகழ்ச்சிக் கவிதையை அப்படியே நம்பிவிட முடியாது. பண்டைய கிரேக்க ஓவியர் அப்பெலஸோடு அவரை ஒப்பிடுவது அந்தக் காலப் புலவர்களின் வழக்கமான மரியாதை. அதற்கு எடை குறைவு. ஆனால் எந்தக் கதையை வரைந்தார் என்று சொல்லும் பகுதி மரபுச் சொல் அல்ல, தகவல். அது யேல் பலகைகளோடும் ரிக்கார்தியானா சுவடியோடும் ஒத்துப்போகிறது. அந்தக் கவிதை இந்தப் பலகைகளைத்தான் குறிக்கிறது என்று என்னால் சொல்ல முடியாது. இதே கதைகளுக்காகவே அறியப்பட்ட ஓவியர் அபோலோனியோ என்பது வரைதான் சொல்ல முடியும். என் கணிப்பில் அதுவே போதுமான அளவு பெரிய விஷயம்.

எலன் கால்மன் 1974-இல் அபோலோனியோவுக்கென்றே ஒரு நூல் எழுதினார். இன்று சிகாகோவின் யுலிஸீஸும் அவர் பெயரில்தான் இருக்கிறான். ஆனாலும் அந்தப் பெயரை நான் கொஞ்சம் தள்ளிநின்றே வாசிக்கிறேன். அபோலோனியோ 1465-இல் இறந்தார். மார்கோ 1489 வரை வாழ்ந்தார். 17 ஆண்டுகளில் 170 ஜோடி என்றால் ஆண்டுக்குச் சுமார் 20 பெட்டிகள். அத்தனை குதிரைகளையும் கப்பல்களையும் தொப்பிகளையும் ஒரே ஆள் வரைந்திருக்க வாய்ப்பில்லை. மாதிரிப் படங்களைப் பார்த்து உதவியாளர்கள் பிரதியெடுத்திருக்க வேண்டும். பேரேட்டில் முதலில் நிற்கும் மார்கோவின் கை இது என்று உறுதியாகச் சுட்டத்தக்க பலகை எதையும் நான் இன்னும் காணவில்லை.