கொப்புள வண்டும் அதன் பூக்களும்

ஸ்பானிய ஈ என்பார்கள். ஆனா அது ஈயே கிடையாது. பச்சையாக மினுங்கும் ஒரு வண்டு. ஐரோப்பிய மருத்துவர்கள் அதைக் காயவைத்துப் பொடித்து, நோயாளியின் தோலில் பற்றுப் போடுவார்கள். தோல் கொப்புளித்தால் உள்ளே இருக்கும் நோய் வெளியே வந்துவிடும் என்பது அவர்கள் நம்பிக்கை. கொப்புளத்தை உண்டாக்கும் காந்தாரிடினை 1810இல் பிரெஞ்சு வேதியியலாளர் ரொபிகே பிரித்தெடுத்தார்.

அந்த வண்டு தின்பது ஆஷ், லைலாக் மரங்களின் இலைகளை. வங்காளத்துச் சமவெளியில் அதுக்கு எங்கே போவது? மருந்து கப்பலில்தான் வரவேண்டும். அதனால் உள்ளூரில் மாற்று கிடைக்குமா என்ற கேள்வி கம்பெனிக்காரர்களுக்கு முக்கியமானது. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில், கம்பெனி ராணுவ அதிகாரி தாமஸ் ஹார்ட்விக் கல்கத்தாவின் ‘ஏஷியாட்டிக் ரிசர்ச்சஸ்’ இதழில் அதற்குப் பதில் எழுதினார்: வங்காளம், பீகார், அவத் முழுக்கக் காணப்படும் ஒரு வண்டுக்கு ஸ்பானிய ஈயின் குணங்கள் அத்தனையும் உண்டு.

இந்த வண்டு பார்க்க வேறு மாதிரி. கறுப்பு முன்சிறகில் ஆரஞ்சு நிறப் பட்டைகள். தின்பதும் இலையை அல்ல, பூவை. வெண்டி, செம்பருத்தி, பீர்க்கு எதுவும் தப்பாது. இந்தியில் இதைத் தெலினி என்கிறார்கள். தேல் என்றால் எண்ணெய். வண்டைத் தொந்தரவு செய்தால் அதன் கால் மூட்டுகளில் எண்ணெய் போன்ற மஞ்சள் திரவம் கசியும். கொப்புளம் போடுவது அதுதான்.

அறிவியல் பெயர்களிலும் செடிகள் இருக்கின்றன. 1758இல் லின்னேயஸ் ஒரு பட்டை வண்டுக்கு வைத்த பெயர் ‘சிக்கோரி’. ஐரோப்பியர் காபியில் கலக்கும் அதே சிக்கரிச் செடி. ஃபப்ரீசியஸ் இன்னொன்றுக்கு ‘சிடே’ என்று வைத்தார். சிடா என்பது நம்ம குறுந்தொட்டி; வெண்டிக்கும் செம்பருத்திக்கும் உறவு. வங்காளத்தில் வண்டு பொறுக்கப் போகிறவருக்கு இதில் எந்தப் பெயர் வழிகாட்டும்?

ஆனால் செடியை மட்டும் நம்பி இனத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரே பூவில் இரண்டு மூன்று இனங்கள் உட்கார்ந்திருக்கலாம். பட்டைகளின் வடிவம், உணர்கொம்பின் அமைப்பு, நிறம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் பிரிக்க வேண்டும். அதோடு, செடி சொல்வது பாதி வாழ்க்கைதான். இதன் புழுக்கள் மண்ணுக்குள் வெட்டுக்கிளி முட்டைகளைத் தின்று வளர்கின்றன. தோட்டக்காரருக்குப் பூவில் எதிரி, மண்ணில் கூட்டாளி.

ஹார்ட்விக் பெயர் இதழில் இருக்கிறது. லின்னேயஸ் பெயர் வகைப்பாட்டில் இருக்கிறது. எண்ணெய் கசிவதை முதலில் கவனித்துத் தெலினி என்று அழைத்தவரின் பெயர்தான் எங்கேயும் இல்லை. அவர் விட்டுப்போனது அந்த ஒரு சொல். வண்டை அடையாளம் காண இன்றைக்கும் அது உதவுகிறது.