விழிஞ்ஞம் அலை மின்நிலையம்

விழிஞ்ஞம் அலை மின்நிலையம் என்பது கேரள மாநிலம் திருவனந்தபுரத்திற்கு அருகிலுள்ள விழிஞ்ஞம் மீன்பிடித் துறைமுகத்தில் இயங்கிய சோதனை மின்நிலையம் ஆகும். 150 கிலோவாட் திறன் கொண்ட இதனைச் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் 1991 இல் அமைத்தது.

செயற்படும் முறை

கடற்படுகையில் நிறுத்தப்பட்ட கற்காரை அறையினுள் அலை நுழையும்பொழுது நீர்மட்டம் உயர்ந்து, மேலுள்ள காற்றை வெளியே தள்ளும். அலை இறங்கும்பொழுது காற்று உள்ளிழுக்கப்படும். காற்று எத்திசையில் பாய்ந்தாலும் வெல்சு சுழலி ஒரே திசையில் சுழன்று மின்னாக்கியை இயக்கும். இம்முறை அலைவுறு நீர்த்தம்பம் எனப்படுகின்றது.

வணிகப் பயன்பாடு

அலைகளின் வலிமை நொடிக்கு நொடியும், பருவத்திற்குப் பருவமும் மாறுபடுவதால் மின்சாரம் சீராகக் கிடைக்கவில்லை. ஆகவே, சென்னை பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடல்சார் தொழில்நுட்பக் கழகம் இம்மின்சாரத்தைக் கொண்டு கடல்நீரைக் குடிநீராக்கும் சோதனையை நடத்தியது. 2011 இல் நிலையம் கைவிடப்பட்டது.

ஓதங்களின் நேரத்தையும் உயரத்தையும் முன்கூட்டியே கணிக்க இயலும். பிரான்சின் ரான்சு ஓத மின்நிலையம் 240 மெகாவாட் திறனுடன் 1966 முதல் இயங்கி வருவதற்கு இதுவும் ஒரு காரணமாகும். அலை ஆற்றலோ இன்னும் சோதனை நிலையிலேயே பெரிதும் உள்ளது.

பிற்கால முயற்சி

2022 நவம்பரில் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் சிந்துஜா-1 என்னும் மிதவைக் கருவி, தூத்துக்குடிக் கடற்கரையிலிருந்து 6 கிலோமீட்டர் தொலைவில் சோதிக்கப்பட்டது. அது 100 வாட் மின்சாரம் தயாரிக்க வல்லது.