வைக்கோல் போரில் பாம்பு: அடிக்காமல் அப்புறப்படுத்துவது எப்படி?

அறுவடை முடிந்து நெல் மூட்டை வீட்டுக்கு வந்த கையோடு எலியும் வந்துவிடும். எலி இருக்கும் இடத்துக்குப் பாம்பு வரும். வைக்கோல் போர், மோட்டார் கொட்டகை, விறகு அடுக்கு, கோழிக்கூண்டு, தொழுவத்தில் கிடக்கும் பழைய சாக்கு என இரையும் மறைவும் உள்ள இடங்களில்தான் பாம்பு தங்குகிறது. பார்த்ததும் கம்பைத் தேடுவது நம் பழக்கம். ஆனால் அடிக்கப் போய்க் கடி வாங்கியவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. தலை துண்டான பிறகும் பாம்பால் சிறிது நேரம் கடிக்க முடியும். செத்துவிட்டது என்று கையில் எடுப்பது ஆபத்து.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரையிலான 20 ஆண்டுகளில் சுமார் 12 லட்சம் பேர் பாம்புக்கடியால் இறந்ததாக ஆய்வு மதிப்பிடுகிறது. ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர். இவர்களில் பெரும்பாலோர் கிராமத்து மக்கள். ஆகவே பயப்படுவதில் தவறில்லை. பயத்தில் என்ன செய்கிறோம் என்பதே முக்கியம்.

எது விஷப்பாம்பு?

நம் வயல்களில் அதிக உயிர்ப்பலி வாங்குபவை நான்கு. படம் எடுப்பதால் நல்ல பாம்பை எல்லோருக்கும் தெரியும். கண்ணாடி விரியன் தடித்த உடலும், முதுகில் சங்கிலி கோத்தது போல் மூன்று வரிசை வட்டங்களும் கொண்டது. சீண்டினால் குக்கர் விசில் போலச் சீறும். சுருட்டை விரியன் சிறியது, மானாவாரி நிலங்களில் அதிகம். உடலைச் சுருட்டித் தேய்த்து ரம்பம் அறுப்பது போல ஒலி எழுப்பும். நான்காவது கட்டுவிரியன். பளபளக்கும் கருநிற உடலில் மெல்லிய வெள்ளைக் கட்டுகள் இருக்கும். இரவில் நடமாடும். தரையில் படுத்திருப்பவரைக் கடித்தால் வலியே தெரியாமல் போகலாம். விடியற்காலையில் வயிற்று வலி, கண் இமை தொங்குவது என்று வந்த பிறகே சந்தேகம் எழும்.

நாம் அடித்துப் போடும் பாம்புகளில் பல விஷமில்லாதவை. சாரையை நல்ல பாம்பு என்றும், மண்ணுளியைக் கண்ணாடி விரியன் என்றும், வெள்ளிக்கோல் வரையனைக் கட்டுவிரியன் என்றும் நினைத்துக் கொன்றுவிடுகிறோம். சாரை எலிப்பொந்துக்குள்ளேயே நுழைந்து வேட்டையாடும். வரப்பில் அதை அடித்துவிட்டு, அடுத்த வாரம் எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகிறோம். அதற்காக அடையாளம் பார்க்கக் கிட்டே போக வேண்டாம். தெரியாத பாம்பு எல்லாமே விஷப்பாம்பு என்று வைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

பார்த்ததும் என்ன செய்வது?

வயலிலோ தோப்பிலோ என்றால் எதுவும் செய்ய வேண்டாம். விலகி நின்றால் தானே போய்விடும். வீட்டுக்குள் என்றால் குழந்தைகளை வெளியே அனுப்பி, நாயைக் கட்டிவிட்டு, பத்தடி தூரத்தில் ஒருவர் மட்டும் நின்று அது எங்கே போகிறது என்று கவனிக்க வேண்டும். கண்ணை எடுத்தால் எந்தச் சந்தில் புகுந்தது என்று தெரியாமல் போய், வந்தவரும் திரும்பிப் போக நேரிடும். அறைக்குள் இருந்தால் கதவைச் சாத்தி, அடியில் உள்ள இடைவெளியைத் துணியால் அடையுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றுவது, புகை போடுவது கூடாது. மிரண்ட பாம்பு எந்தப் பக்கம் பாயும் என்று சொல்ல முடியாது. பூண்டு, பினாயில் தெளித்தால் பாம்பு வராது என்பதை நம்பி இருக்காதீர்கள்.

பிறகு தீயணைப்பு நிலையத்தை 101 எண்ணில் அழைக்கலாம், அல்லது வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லலாம். உள்ளூர் அலுவலக எண்ணை இப்போதே செல்போனில் பதிந்து வையுங்கள். காய்கறித் தோட்ட நைலான் வலையில் சிக்கிய பாம்பையும் நீங்களே அறுத்து விட முயல வேண்டாம். வருபவர் கொக்கி, பை, குழாய் கொண்டு வேலை செய்பவராக இருக்க வேண்டும். படம் பிடிக்கக் கூட்டம் கூடி, பிடிப்பவரும் வித்தை காட்டத் தொடங்கினால் அங்கே விபத்து காத்திருக்கிறது. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி பாம்பைப் பிடித்து வைத்திருப்பதும், விற்பதும் குற்றம்.

எங்கே விடுவது?

"ரொம்பத் தூரத்துல கொண்டு போய் விடுங்க சார்" என்பதே எல்லோரும் கேட்பது. இது பாம்புக்கும் நல்லதில்லை, அடுத்த ஊருக்கும் நல்லதில்லை. அமெரிக்காவில் வாலால் கிலுகிலுப்பை ஒலி எழுப்பும் பாம்புகளை வீடுகளிலிருந்து பிடித்து இடம் மாற்றுவது வழக்கம். தொலைவில் விடப்பட்டவை பொந்தும் இரையும் தெரியாமல் அலைந்து அதிகம் இறந்ததை அங்கு நடந்த ஆய்வுகள் காட்டின. அலையும் பாம்புதான் மனிதர் கண்ணில் அடிக்கடி படும். எனவே பிடித்த இடத்துக்கு அருகிலேயே, வீடுகள் இல்லாத புதர் ஓரத்தில் விடுவதே முறை. விட்ட பாம்பு பழிவாங்க வரும் என்பது சினிமாக் கதை. அதே வீட்டுக்கு இன்னொரு பாம்பு வந்தால், எலி இன்னும் போகவில்லை என்று பொருள்.

அதனால் வைக்கோல் போரை வீட்டுச் சுவரை ஒட்டிப் போடாதீர்கள். விறகைத் தரையிலிருந்து ஓரடி உயரத்தில் அடுக்குங்கள். எலிப்பொந்துகளை அடைத்து, கோழிக்கூண்டுக்குச் சிறு கண்ணி உள்ள கம்பி வலை போடுங்கள். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகும்போது டார்ச்சும் முழங்கால் வரையிலான பூட்ஸும் வேண்டும். தரையில் படுப்பவர்கள் கொசுவலையின் ஓரத்தைப் பாய்க்கு அடியில் செருகிவிட்டால் கட்டுவிரியனிடமிருந்து நல்ல பாதுகாப்பு.

கடித்துவிட்டால்

கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள், வாய் வைத்து உறிஞ்சாதீர்கள். மோதிரம், கொலுசு, மெட்டியைக் கழற்றிவிட்டு, கடிபட்ட கை காலை அசைக்காமல் 108ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். நம் நாட்டு விஷமுறிவு மருந்து மேலே சொன்ன நான்கு பாம்புகளுக்கும் பொதுவானது. அதைத் தயாரிக்கத் தேவையான விஷத்தைச் சென்னை அருகே வடநெம்மேலியில் உள்ள இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் பல ஆண்டுகளாக எடுத்துத் தருகிறது. டாக்டரிடம் காட்டுவதற்காகப் பாம்பைத் தேடி அடித்து எடுத்துச் செல்லத் தேவையில்லை. அந்த நேரத்தில் வண்டியைக் கிளப்புங்கள்.