தளங்களுக்கிடை மெய்நிகர் தனியார் பிணையம்

தளங்களுக்கிடை மெய்நிகர் தனியார் பிணையம் என்பது ஒரு நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தையும் கிளைகளையும் இணையத்தின் ஊடாகப் பாதுகாப்பாக இணைக்கும் முறை ஆகும். ஓர் அலுவலகத்தின் தீயரண் தரவுப் பொதிகளை மறைக்குறியாக்கி அனுப்ப, மறுமுனைத் தீயரண் அவற்றை மீட்டெடுக்கிறது. இதற்குப் பரவலாகப் பயன்படும் நெறிமுறைத் தொகுதி ஐபிசெக் ஆகும்.

கருவியைத் தெரிவு செய்தல்

மறைக்குறியாக்கம் செயலியின் சுமையைக் கூட்டுவதால், தீயரணின் பொதுவான வேகத்தை அன்றி, மறைக்குறியாக்கத்துடன் கூடிய வேகத்தையே கருத்திற்கொள்ள வேண்டும். இரு முனைகளுள் மெதுவானதே இணைப்பின் வேகத்தை வரையறுக்கும்.

தலைமை அலுவலகம் உட்பட 10 அலுவலகங்களை ஒன்றோடொன்று நேரடியாக இணைக்க 45 சுரங்கவழிகள் தேவை. அனைத்தையும் தலைமை அலுவலகம் வழியே இணைத்தால் 9 போதும். ஆயினும் அங்குள்ள கருவி செயலிழந்தால் கிளைகளுக்கிடையிலான தொடர்பு முற்றிலும் அறுந்துவிடும். எனவே அங்கு மாற்றுக் கருவி ஒன்றும் வைக்கப்படுவதுண்டு.

திறவுகோல் பரிமாற்றத்துக்கான ஐகேஇ நெறிமுறையின் முதற்பதிப்பு 2023 இல் வழக்கொழிந்ததாக அறிவிக்கப்பட்டது. ஆதலால் 2005 இல் வெளிவந்த இரண்டாம் பதிப்பை ஆதரிக்கும் கருவியே தக்கது.

முகவரி அமைப்பு

இரு கிளைகள் 192.168.1.0 போன்ற ஒரே தனியார் முகவரித் தொகுதியைப் பயன்படுத்தினால், பொதி எக்கிளைக்கு உரியது எனத் தீயரணால் பிரித்தறிய இயலாது. எனவே ஒவ்வொரு கிளைக்கும் தனித்தனித் தொகுதி முன்னரே ஒதுக்கப்படுகிறது.